கடிவாளம் கழன்ற நேரத்தில் ஒரு சளிக்காய்ச்சல்

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுத்துக்கொள்பவர் இருக்கும் வீட்டில் எப்படியும் ஒரு நாள் இந்தக் கேள்வி எழும். கீமோ கொடுத்த காலத்தில், "எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும், கூட்டத்துக்குள் போகாதீர்கள்" என்றார்கள். அது புரிந்தது. இப்போது ஏற்றுவதோ எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்து. அப்படியானால் சளியும் காய்ச்சலும் இவரை நெருங்கவே கூடாதே? வந்தாலும் இரண்டே நாளில் போய்விட வேண்டுமே? பிறகு ஏன் மருத்துவர் ஒவ்வொரு முறையும் "இருமல் இருக்கிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஊசிக்கு ஒப்புக்கொள்கிறார்?

நியாயமான கேள்வி. எதிர்ப்பு சக்தியை ஓர் அளவாகவே நினைத்துப் பழகிவிட்டோம்: குறைந்தால் நோய், கூடினால் நலம். கஷாயப் பொடியும் சத்துமாவும் விற்பவர்கள் அதைக் கூட்டித் தருவதாகத்தான் விளம்பரம் செய்கிறார்கள். உடலுக்குள் நடக்கும் கணக்கு வேறு. எப்போது தாக்கத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பொறுத்தே அங்கே எல்லாம் அமைகிறது. இந்த மருந்துகள் தொடுவது அந்த நிறுத்தத்தைத்தான்.

நிறுத்தத் தெரிந்த செல்கள்

வெள்ளணுக்களில் ஒரு வகை, டி செல்கள். வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் அடையாளம் கண்டு கொல்வது இவற்றில் ஒரு பிரிவின் வேலை. வைரஸ் புகுந்த செல் என்றாலும் அது நம்முடைய செல்தான். ஆகவே இந்தக் கொலைக்கு ஓர் எல்லை வேண்டும். டி செல்லின் மேற்பரப்பில் "போதும்" என்ற கட்டளையை வாங்கிக்கொள்ளும் புரதங்கள் இருக்கின்றன. குதிரையை இழுத்து நிறுத்தும் கடிவாளத்தை ஒத்தவை என்பதால் இவற்றைக் கடிவாளப் புரதங்கள் என்போம். அவற்றைச் செயலிழக்கச் செய்யும் மருந்துகள் கடிவாள நீக்கிகள்.

பிடி-1 என்ற கடிவாளத்தை 1992-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் குழு கண்டறிந்தது. இன்னொன்று சிடிஎல்ஏ-4. இந்த இரண்டாவது புரதம் இல்லாமல் பிறக்கும் எலிகளுக்கு என்ன ஆகிறது என்பது 1995-இல் தெரியவந்தது. எந்தக் கிருமியும் தாக்காமலே, மூன்று நான்கு வாரங்களில் அவை செத்துப்போகின்றன. இதயம், நுரையீரல், கணையம் என்று உறுப்பு உறுப்பாக டி செல்கள் புகுந்து நிறைந்துவிடுகின்றன.

இப்படி உயிர் காக்கும் கடிவாளத்தைப் புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. பல கட்டிகள் பிடி-1ஐப் பிடித்து இழுக்கும் புரதத்தைத் தங்கள் மேற்பரப்பில் வளர்த்துக்கொள்கின்றன. நெருங்கி வரும் டி செல் அங்கேயே நின்றுவிடுகிறது. சிடிஎல்ஏ-4 கடிவாளத்தைக் கொஞ்ச காலம் மறைத்துவைத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று 1996-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசனின் குழு காட்டியது. 2011-இல் இபிலிமுமாப், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று மருந்துகள் வந்தன. 2018-இல் ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரவிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வந்தால் பெரும்பாலோர் ஓராண்டு தாண்டாத நிலை மாறி, இன்று பத்தாண்டு கடந்தும் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இனிச் சொல்லப்போகும் இடர்களைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வைரஸ், இரண்டு முடிவுகள்

பிடி-1ஐ ஆராய்ந்தவர்களில் வைரஸ்காரர்களும் உண்டு. ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ரஃபி அகமது அவர்களில் முக்கியமானவர். அவர் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்த அத்தியாயத்தின் புதிரை அவிழ்க்கப் பெரிதும் உதவும்.

எலிகளின் உடலில் நீண்ட நாள் தங்கிவிடும் ஒரு வைரஸை எடுத்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் அதனோடு போராடிய டி செல்கள் ஓய்ந்துபோயிருந்தன. அவற்றின் மேல் பிடி-1 ஏராளமாக இருந்தது. தொற்றி மூன்று வாரங்களுக்குப் பிறகு அந்தக் கடிவாளத்தை மருந்தால் விலக்கியதும் செல்கள் மீண்டும் எழுந்தன. வைரஸின் அளவு குறைந்தது. ஓய்ந்த படையை எழுப்ப முடியும் என்ற இந்தச் செய்தி புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் பெரிய ஊக்கம் தந்தது.

அதே கட்டுரையில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கடிவாளத்தை இழுக்கும் புரதமே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு அதே வைரஸைக் கொடுத்தார்கள். முதல் நாளிலிருந்தே தடையில்லாத டி செல்கள். அந்த எலிகள் சில நாட்களிலேயே இறந்தன. வைரஸ் வென்றதால் நேர்ந்த சாவு அன்று அது. டி செல்கள் செய்த சேதத்தால் நேர்ந்தது.

வைரஸ் ஒன்றே, கடிவாளமும் ஒன்றே. போர் ஓய்ந்த கட்டத்தில் விலக்கினால் நன்மை. போர் உச்சத்தில் இருக்கும்போது அது இல்லாமல் போனால் மரணம். காசநோயிலும் இந்தப் பாடம் வேறு வடிவில் தெரிகிறது. பிடி-1 இல்லாத எலிகள் காசநோய்க் கிருமிக்கு மிக விரைவாகப் பலியாகின்றன. கடிவாள நீக்கி எடுத்த சிலருக்கு உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொண்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. காசநோய் மலிந்த நம் நாட்டில் நெஞ்சகப் படத்தில் பழைய வடு தெரிந்தால் மருத்துவர்கள் கூடுதலாக யோசிப்பது இதனால்தான்.

மெல்லிய சுவர்

ஈரலில் சில செல்கள் செத்தால் ஈரல் வளர்ந்து ஈடுகட்டிவிடும். நுரையீரலுக்கு அந்த வசதி குறைவு. மனித நுரையீரலில் சுமார் 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றில் காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக்சிஜன் கடப்பதற்காக அப்படி மெல்லியதாக இருந்தாக வேண்டும். ஆனால் டி செல்கள் கூட்டமாக நுழைந்து அந்தச் சுவர் வீங்கினால், நீர் கசிந்தால், மூச்சு அங்கேயே தடைபடும்.

நுரையீரல் இதற்கு ஒரு முன்னெச்சரிக்கை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் வில்லியம்ஸ் குழு, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுச் சளியைக் கொடுக்கும் மெட்டாநியூமோ வைரஸை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2012-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: நுரையீரலுக்கு வந்த டி செல்களில் பிடி-1 வெகு விரைவில் முளைக்கிறது, தொற்று தொடங்கிய சில நாட்களிலேயே அவற்றின் கொல்லும் வேகம் தணிக்கப்படுகிறது. கடிவாளத்தை மறைத்தபோது வைரஸ் இன்னும் குறைந்தது. ஆகவே, இந்த மருந்து வைரஸை வெல்ல உதவும் என்று வீட்டில் நினைத்தது முழுத் தவறு அல்ல. ஆனால் உடல் வேண்டுமென்றே வைரஸுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாகச் சுவரைக் காத்துக்கொள்கிறது. கடிவாள நீக்கி அந்த உடன்பாட்டைக் குலைக்கிறது.

ஓர் இருமலைப் பின்தொடர்வோம்

இதெல்லாம் ஒரு மனிதரிடம் எப்படி வெளிப்படும்? ஒருவரைக் கற்பனை செய்வோம். வயது 62, எடை 60 கிலோ, நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் பெம்ப்ரோலிசுமாப். நான்கு முறை ஏற்றியாகிவிட்டது, கட்டி சுருங்கியிருக்கிறது. பதினோராவது வாரத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து பேரன் சளியோடு வருகிறான். மூன்றாம் நாள் தாத்தாவுக்கும் காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94 காட்டுகிறது. வீட்டுக்குள் நாலு முறை நடந்துவிட்டுப் பார்த்தால் 91.

மருத்துவரின் மனத்தில் உடனே சில பெயர்கள் ஓடும். பேரன் கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அதன் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். புற்றுநோயே பரவியிருக்கலாம். நான்காவதாக ஒன்று: கிருமியே இல்லாமல், கடிவாளம் கழன்ற டி செல்கள் நுரையீரலைத் தாக்குவது. இதற்கு மருத்துவத்தில் நியூமோனைட்டிஸ் என்று பெயர். நாம் மருந்துவழி அழற்சி என்போம். 915 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில் 43 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஐவருக்கு இது வந்தது. இரண்டு கடிவாளங்களையும் சேர்த்து நீக்கியவர்களில் நூற்றுக்குப் பத்து. சிலருக்கு ஒன்பதாம் நாளே வந்தது. சிலருக்கு 19 மாதம் கழித்து. அதனால் பதினோராவது வாரம் என்பது எதையும் காட்டிக்கொடுக்காது.

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. இருமல், மூச்சு வாங்கல், சில சமயம் காய்ச்சல் என்று அறிகுறிகள் இரண்டுக்கும் ஒன்று. சி.டி. ஸ்கேனில் வைரஸ் நிமோனியாவும் மருந்துவழி அழற்சியும் ஒரே மாதிரி, தேய்த்த கண்ணாடி போன்ற மங்கலான திட்டுகளாகத் தெரியும். கொரோனாக் காலத்தில் உலகெங்கும் புற்றுநோய் மருத்துவர்களைத் தவிக்கவிட்ட படம் இது. மருத்துவமோ நேரெதிர். அழற்சி என்றால் ஸ்டீராய்டு கொடுத்து டி செல்களை அடக்க வேண்டும். வைரஸ் பெருகும் வேளையில் அப்படி அடக்கினால் வைரஸுக்குத் தடையே இருக்காது.

நம் நோயாளிக்கு மூக்கிலிருந்து மாதிரி எடுத்து பிசிஆர் செய்கிறார்கள். இன்ஃப்ளூயன்சா ஏ. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரம் ஆகவில்லை. ஓசெல்டமிவிர் 75 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு இரண்டு, ஐந்து நாள். அடுத்த ஊசி தள்ளிவைக்கப்படுகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

எட்டாம் நாள் காய்ச்சல் இல்லை, உடல்வலி இல்லை; ஆனால் ஆக்சிமீட்டர் 89. குளியலறைக்குப் போய்வந்தாலே மூச்சு இரைக்கிறது. புதிய ஸ்கேனில் இரண்டு பக்கமும் திட்டுகள். மூச்சுக்குழாய் வழியாகக் குழாயை விட்டு, நுரையீரலைச் சிறிது உப்புநீரால் கழுவி எடுத்துச் சோதிக்கிறார்கள். பாக்டீரியா இல்லை, காசநோய் இல்லை, பூஞ்சை இல்லை; இன்ஃப்ளூயன்சா இப்போது இல்லை. இருப்பவை ஏராளமான லிம்போசைட்டுகள், அதாவது டி செல்கள் சேர்ந்த வெள்ளணுக் குடும்பம். வைரஸ் போய்விட்டது, படை திரும்பவில்லை.

இனி ஸ்டீராய்டு. ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கணக்கில் இவருக்கு நாளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் பிரட்னிசலோன். இரண்டு மூன்று நாளில் மூச்சு தேறத் தொடங்குகிறது. ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் அழற்சி திரும்பும். இவ்வளவு நாள் ஸ்டீராய்டு எடுப்பவரை நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை தாக்கக்கூடும் என்பதால் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் சேர்கிறது.

உண்மையில் எல்லா நோயாளிகளிடமும் இந்த இரண்டு கட்டங்களும் இப்படித் தனித்தனியாக வருவதில்லை. பலரிடம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும். நிலைமை மோசமாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கையும் ஸ்டீராய்டையும் சேர்த்தே தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். வைரஸ்தான் அழற்சியைத் தூண்டியதா, அது எப்படியும் வரவிருந்ததா என்று ஒரு தனி நோயாளியிடம் உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் இன்று இல்லை.

தொற்றுக்கு இடம் கொடுப்பது எது?

அப்படியென்றால் கடிவாள நீக்கிகள் தொற்று ஆபத்தைக் கூட்டுகின்றனவா? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 740 மெலனோமா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது. கடுமையான தொற்று வந்தவர்கள் 54 பேர், 7.3 சதவீதம். பெரும்பாலானவை பாக்டீரியாத் தொற்றுகள். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். பக்கவிளைவை அடக்க ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தோ எடுத்தவர்களைத் தனியாகப் பார்த்தால் 13.5 சதவீதம். எடுக்காதவர்களில் சுமார் 2 சதவீதம்.

இடம் கொடுப்பது முதல் மருந்தைவிட, அதன் விளைவை அணைக்கக் கொடுக்கும் இரண்டாவது மருந்துதான் என்று நான் இதைப் படிக்கிறேன். மூச்சுத்திணறலுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று ஸ்டீராய்டு எழுதிவிடும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. தேவைப்படும்போது அது உயிர் காக்கும். ஆனால் முதலில் ஒரு பிசிஆர், முடிந்தால் ஒரு ஸ்கேன்.

கொரோனா வந்தபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அதே நியூயார்க் மையத்தின் 423 நோயாளிகளில், கடிவாள நீக்கி எடுத்தவர்களுக்குக் கோவிட் கடுமையாக இருந்ததாக ஒரு கட்டுரை. அங்கேயே நுரையீரல் புற்றுநோயாளிகளை மட்டும், புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. பிரிட்டனில் 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் இந்த மருந்தால் மரணம் கூடவில்லை என்றது. யாருக்கு இந்த மருந்து தரப்படுகிறது என்று யோசித்தால் முரண் புரியும். நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு அதிகம் தருகிறார்கள். அவர்களில் பலருக்கு நுரையீரல் ஏற்கெனவே புகையால் பழுதடைந்திருக்கிறது.

ஊசி போடலாமா?

அடுத்த அச்சம் தடுப்பூசி. தூண்டப்பட்ட உடலை மேலும் தூண்டலாமா? இந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் ஆதாரமும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசலில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட 23 நுரையீரல் புற்றுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மருந்துவழிப் பக்கவிளைவுகள் வந்ததாக 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. 23 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. நியூயார்க்கில் 370 பேரிடம் பார்த்தபோது அப்படி எதுவும் கூடவில்லை. 2021-இல் டெல் அவிவில் கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் இரண்டு தவணையும் போட்டுக்கொண்ட 134 பேரிடமும் புதிய பக்கவிளைவுகள் காணப்படவில்லை.

2025-இல் நேச்சர் இதழில் வந்த செய்தி இன்னும் வியப்பூட்டியது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், சிகிச்சை தொடங்கிய நாளுக்கு 100 நாட்களுக்குள் கொரோனா எம்ஆர்என்ஏ ஊசி போட்டிருந்த முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 37.3 மாதம், போடாதவர்களுக்கு 20.6 மாதம். பழைய பதிவுகளைப் புரட்டிக் கண்ட கணக்கு இது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் முதலிலேயே சற்று நலமாக இருந்தவர்களாகவும் இருக்கலாம். முன்கூட்டியே திட்டமிட்ட சோதனைதான் இதை உறுதிசெய்ய முடியும். ஆயினும் "தூண்டல் கூடினால் கேடு" என்ற எளிய கணக்கு செல்லாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. தடுப்பூசி கொடுக்கும் தூண்டல் சில நாட்களில் அடங்கிவிடும். பெருகும் வைரஸ் அப்படி அடங்காது.

எனவே இன்றைய நடைமுறை: செயலிழந்த வைரஸால் செய்த ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்வது, மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வைரஸ் மருந்தைத் தவிர்ப்பது, பேரன் பேத்திகளுக்கும் ஊசி போடுவது.

தள்ளிப்போட்டாலும் போகாத மருந்து

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். சளி பிடித்தவுடன் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டால் கடிவாளம் திரும்ப வந்துவிடாதா? வராது. நிவோலுமாப் ஒருமுறை ஏற்றியதும், ரத்தத்தில் ஓடும் டி செல்களின் பிடி-1 மூலக்கூறுகளில் 70 சதவீதத்துக்கு மேல் இரண்டு மாதம் கழித்தும் மருந்தால் மூடப்பட்டே இருந்தன என்று 2010-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். கீமோ சில நாட்களில் உடலை விட்டு வெளியேறும். இது அப்படி அன்று. ஊசியைத் தள்ளிப்போடுவது நோயாளி தேறுவதற்கும், குழப்பம் கூடாமல் இருப்பதற்கும் உதவும்; அன்றைய சளியின் போக்கை மாற்றாது.

இதே பண்புதான் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு ஒரு வழியையும் காட்டியது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான 20 மில்லிகிராம் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். லட்சங்களில் இருந்த செலவு எளியவர் கைக்கு எட்டும் தொலைவுக்கு வருகிறது. வர வேண்டும். அப்போது இந்த மருந்தை உடலில் சுமந்தபடி சொந்த ஊர் திரும்புபவர்கள் பெருகுவார்கள். சென்னையிலோ வேலூரிலோ மருந்தை ஏற்றிக்கொண்டு போனவர், இருமல் வந்தால் பார்ப்பது தெருமுனை மருத்துவரைத்தான்.

அவரிடம் "கீமோ எடுக்கிறேன்" என்று சொன்னால் அவர் வேறு திசையில் யோசிப்பார். "சிகிச்சை ஆறு மாதம் முன்பே முடிந்துவிட்டது" என்று நினைத்துச் சொல்லாமலே விட்டால் யோசிக்கவே மாட்டார். மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் எண் ஆகிய மூன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லும் மருத்துவமனைகள் உண்டு. சொல்லாவிட்டாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்பக்கத்தில், உடல் நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஆக்சிமீட்டர் காட்டிய எண்ணையும் குறித்துவையுங்கள். 94 என்பது இவருக்கு இறக்கமா, வழக்கமா என்று தெருமுனை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.